வாசலுக்கு வலது பக்கம்

கிசுமு நகரத்திலிருந்து நடிக்க வந்த லிலியான், வெள்ளைத் துணி சுற்றிப் பாயில் கிடத்தியிருந்ததை ஒருதரம் பார்த்தாள். படம் எடுக்கிற வசோங்காவை ஒருதரம் பார்த்தாள். அப்புறம், செத்த புருஷனுடையது என்று சொல்லி அவளுக்குப் போட்டுவிட்டிருந்த ஆண்பிள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடியில் எறிந்தாள்.

"இதுக்குள்ள என்ன வச்சிருக்கே?"

"யாகோ காய்தான்."

"நிஜக் காயா?"

"பின்ன, பிளாஸ்டிக்லயா செய்வாங்க?"

"நல்லா இருக்குய்யா உன் கதை! என் புருஷன் மொம்பாசா ரோட்டுல லாரி ஓட்டுதான். நான் இங்க நிஜ யாகோ காயைக் கட்டிக்கிட்டு அழுதா அவன் எந்தப் பள்ளத்துல கிடப்பானோ! ஆள வுடு."

"லிலியான், படத்துல செத்தவன் பேரு ஓதூமா. உன் புருஷன் பேரு ஓதூமாவா?"

"சாவுக்குப் பேரு படிக்கத் தெரியுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் நின்ற வாடகை பைக் ஓட்டுகிறவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். போயே போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஏரி ஒருவனைக் கொண்டுபோய் உடலைத் திருப்பித் தராவிட்டால், கை நீளத்துக்கு மரத்தில் தொங்குமே அந்தக் கனத்த யாகோ காய், அதை அறுத்து வந்து, துணி சுற்றி, அவன் பெயரைச் சொல்லிப் புதைப்பார்கள். புதைத்தால்தான் அவன் செத்தவன், பெண்டாட்டி விதவை. புதைக்காதவரை அவன் போனவன், அவ்வளவே. இந்தக் காயோடு விளையாட எந்தப் பெண்தான் வருவாள்?

"என்னலே செய்யப் போறே?" என்றான் ஒலிக்காரன் ஓபெரே. மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு ஒலிபெருக்கி கட்டி நாற்பது வயதைத் தாண்டியவன். மூங்கில் கழி நுனியில் மைக்கைக் கட்டித் தோளில் சாத்தியிருந்தான்.

வசோங்கா வானத்தைப் பார்த்தான். இந்த ஒரு காட்சிதான் பாக்கி. வாடகைக்கு எடுத்த பெரிய லென்ஸ் இன்று சாயங்கால பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்ப வேண்டும். ஏரிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா மீன் விற்கச் சந்தைக்குப் போயிருக்கிறாள், மதியத்துக்குள் வந்துவிடுவாள். அவள் வருமுன் குழியை மூடி, புல்லைப் பரப்பி, ஒன்றும் நடக்காததுபோல இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் சந்தை நாளாகப் பார்த்து வைத்திருந்தான்.

பதினாறு வயதில் ஒசேரி கரையின் வீடியோ கொட்டகையில் மைக்கைப் பிடித்தவன் அவன். திரையில் யாரோ எந்த நாட்டுக்காரனோ வாயசைப்பான், இவன் பக்கத்தில் நின்று அதை தங்கள் லுவோ பாஷையில் சொல்லுவான். சொல்லுவானா, படத்தில் இல்லாத வசவையெல்லாம் சேர்ப்பான். வலை இழுத்துக் களைத்து வந்த ஆட்கள் துப்பாக்கிச் சண்டையைவிட இவன் வசவுக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருநாள் மின்சாரம் போய்ப் படம் நின்றது. இவன் வாய் நிற்கவில்லை. ஒருத்தரும் எழுந்து போகவில்லை, இருட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். நம் பாஷையில் நாமே படம் எடுத்தால் என்ன?

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கல்யாண ஸ்டுடியோக்காரனுக்கு விளக்குத் தூக்கினான். அப்புறம் சொந்தமாய் ஒரு கேமரா. இந்தப் பக்கத்தில் கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் வீடியோ அதிகம். வெளிநாட்டில் இருக்கிற மகன் பார்க்க வேண்டும், யார் வந்தார், யார் வரவில்லை, யார் அழுதார், யார் சோற்றுக்கு மட்டும் வந்தார் என்று. பதினோரு வருஷத்தில் முந்நூறு அடக்கம் எடுத்திருப்பான். "சாவு கேமராக்காரன்" என்றே பெயர் விழுந்துவிட்டது. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் தட்டிக் கழித்தார்கள். அம்மா ஆத்திரத்தில், "அந்தக் கேமராவையே கட்டிக்கோ, சமைச்சுப் போடும்" என்றாள்.

இந்தப் படம் அந்தப் பெயரைத் துடைக்க வேண்டும். ஏரியில் போய்த் திரும்பாத மீன்காரன் ஒருவனின் கதை. கேட்டவர்களெல்லாம், "இது உங்க அண்ணன் ஓபொன்யோ கதைதானே?" என்றார்கள். "கதை வேற, பேரு வேற" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது.

"குழியைப் பாத்தியா?" என்றான் ஓபெரே.

வேலிக்கு வெளியே, கரையோரம் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறி முக்கால் மட்டம் நின்றது. வெட்டிய இரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி நின்றார்கள்.

"இதுல காயைப் போட்டா மிதக்கும். செத்தவன் நீஞ்சுறான்னு சனம் சிரிக்கும்" என்றான் ஓபெரே.

சற்றுத் தள்ளி, விரித்த வலைகளின் மேல் ஒமேனா காய்ந்துகொண்டிருந்தது. விரல் நீளச் சின்ன மீன், வெள்ளித் தூளாய்க் கொட்டிக் கிடந்தது. அபுத்தோ குனிந்து விளக்குமாற்றால் புரட்டிக்கொண்டிருந்தாள். மழை விழுந்தால் நேற்று வாங்கிய சரக்கு பூராவும் நாறிப்போகும். அபுத்தோ ஓபொன்யோவின் பெண்டாட்டி, வசோங்காவுக்கு மதினி. யிம்போ பக்கத்துப் பெண் என்பதால் ஊரில் அவளுக்கு யிம்போக்காரி என்றே பெயர். காலையிலிருந்து அவள் இந்தப் பக்கம் தலை தூக்கிப் பார்க்கவே இல்லை. இப்போது நிமிர்ந்தாள்.

"கொழுந்தனாரே, ஓடிப்போனவளுக்குப் பதிலா ஆள் கிடைச்சுதா?"

"கேலி பண்ணாதீங்க மதினி. வயித்தெரிச்சல்ல நிக்கேன்."

"நான் கேலி பண்ணல. நான் அழுதா ஆகாதா?"

வசோங்கா அவளைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றை உதறித் தரையில் தட்டினாள்.

"உங்களுக்குப் பயமில்லையா?"

"எனக்கு என்ன பயம்? லிலியானுக்குப் புருஷன் லாரியில இருக்கான். எனக்கு எங்க இருக்கான்? சொல்லுங்க, எங்க இருக்கான்?"

ஆறு வருஷத்துக்கு முன் நாலு பேர் போன படகு காலியாய் மிதந்து வந்தது. மூன்று உடல் ஒதுங்கியது, ஓபொன்யோ ஒதுங்கவில்லை. ஒரு மாதம் கழித்து எவனோ ஒரு வியாபாரி, அக்கரையில் முசோமா பக்கம் அவனைப் போல ஒருத்தனைப் பார்த்தேன் என்று கொளுத்திப்போட்டான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். யாகோ காய் என்று வாயெடுத்த பெரியவர்களையெல்லாம், "என் புள்ளைய உசுரோட புதைக்க வாரீங்களா?" என்று விரட்டினாள். அபுத்தோ விதவைகளோடும் உட்கார முடியாது, கட்டுக்கழுத்திகளோடும் சேர முடியாது. அவள் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. புருஷன் இருக்கிற வீட்டுக் கூரையில் வேற்று ஆண் ஏறக் கூடாது, புருஷன் செத்திருந்தால் புதுவீடே கட்டிக் கொடுப்பார்கள். இரண்டும் இல்லாமல் அவள் மழைக்குக் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் நடிக்கேன். ஆனா இந்த ஓடைக்குள்ள இல்ல" என்றாள். "என் வீட்டு வாசல்ல வெட்டுங்க. அங்க மண்ணு காஞ்சு கிடக்கு."

வசோங்கா போய்ப் பார்த்தான். சாணம் மெழுகிய சுவர், அதன் வலது பக்கம் நல்ல மேட்டு நிலம். மேகத்துக்கு அடியிலிருந்து வெயில் சாய்ந்து அந்த இடத்தில்தான் விழுந்தது. பின்னால் ஏரி முழுக்கத் தெரிந்தது. இதைவிட ஒரு இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

"இங்கேயே வெட்டுங்க" என்றான்.

மண்வெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓபெரே கிட்டே வந்து, "இந்தப் பக்கமாலே?" என்றான்.

"வெளிச்சம் இங்கதான் இருக்கு."

"வெளிச்சம் இருக்கு, சரி..." ஓபெரே எதையோ சொல்ல வந்தான். வானத்தைப் பார்த்தான். "நீ படம் எடுக்குறவன், உனக்குத் தெரியாததா" என்று முடித்துக்கொண்டான்.

முந்நூறு அடக்கம் எடுத்தவனுக்குத் தெரியாதா! வீட்டுக்காரனைப் புதைப்பது வாசலுக்கு வலது பக்கம்தான். எத்தனை வீட்டில் அந்த இடத்தில் கேமரா முக்காலியை நட்டிருக்கிறான்! கண்ணில் வெளிச்சம் மட்டும் புகுந்துவிட்டால் மனுஷனுக்கு மற்றதெல்லாம் மறைந்துபோகிறது.

குழி வெட்டி முடிக்கும்போது ஒமேனா காயப்போட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். இந்தக் கரையில் சாவு வீட்டில் எப்படி நிற்க வேண்டும், எங்கே தலையில் கை வைக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்களுக்கும் சோறு உண்டா, வசோங்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "நல்ல சாவுன்னா மாடு அறுப்பாங்களே?"

"அழுறதைப் பாத்துத்தான் சோறு" என்றான் ஓபெரே. சிரிப்பு எழுந்தது.

அபுத்தோ உள்ளேயிருந்து வெளியே வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கொடியில் கிடந்த கோட்டை அவள் தொடவில்லை. அவள் போட்டிருந்தது வேறு கோட்டு, பழுப்பு நிறம், இடது பை கிழிந்தது. புருஷன் செத்தால் அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் பெண்டாட்டி அழுவாள். அண்ணனுடைய அந்தக் கோட்டுப் பைக்குள் கை விட்டுச் சின்ன வயதில் வசோங்கா எத்தனை தரம் சில்லறை திருடியிருக்கிறான்! நிறுத்து என்று அவனுக்குள் ஏதோ சொன்னது. கை கேமராவை முடுக்கியது.

அவள் பாயின் முன் மண்டியிட்டாள். பிறகு வெள்ளைத் துணியில் கையை வைத்து, "ஓபொன்யோ" என்றாள்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஓபெரே விலுக்கென்று நிமிர்ந்தான். ஓதூமா என்றல்லவா சொல்ல வேண்டும்!

"ஓபொன்யோ, ஓக்வேனோ மகனே! காத்துப் பார்த்து வலை போடத் தெரிஞ்சவனே! போன வழி சொல்லாமப் போனியே. மூணு பேர் வந்தாங்க, நீ ஏன் வரல? தண்ணிக்கு உன்னைத் தர மனசில்லையா, உனக்கு என்கிட்ட வர மனசில்லையா? ஆறு மழை என் தலையில விழுந்தாச்சு. இனி என்னால முடியாது. நான் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். உன் வாசல்ல வச்சிருக்கேன். படு."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். வசோங்காவின் விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். விதவை அழும்போது கேமராவை நிறுத்தாதே என்று பதினோரு வருஷம் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது. அதுமட்டுமா? கண்ணாடிக்குள் தெரிந்தது அத்தனை நன்றாக இருந்தது. அண்ணனைப் புதைக்கிற நேரத்தில் படம் நன்றாக வருகிறதே என்று நெஞ்சு துள்ளியது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

காயைக் குழியில் இறக்கினார்கள். அபுத்தோ முதல் பிடி மண் போட்டாள். மண்வெட்டிக்காரர்கள் யாரும் சொல்லாமலே மூடி, மேட்டைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

வேலிக்கு அப்பால் பைக் சத்தம் கேட்டது. மழைக்குப் பயந்து சந்தையே சீக்கிரம் கலைந்துவிட்டது.

ஓபொன்யோ அம்மா காலிக் கூடையோடு இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். மருமகள் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்கு வலது பக்கம் பார்த்தாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"யாரை வச்சீங்க?"

பெண்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

"வசோங்கா, உன்னைத்தான் கேக்கேன். யாரை வச்சே?"

"சினிமாம்மா. சும்மா..."

"சினிமாவா?" அவள் நேரே போய்ச் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தாள். "நல்லதாப் போச்சு. சினிமான்னா தோண்டிரலாம்."

ஓபெரே குறுக்கே ஓடினான். "ஓபொன்யோ அம்மா, வேண்டாம்! மூடின குழியைத் திறந்தா வீட்டுக்கு ஆகாது."

"குழியா? இவன் சினிமாங்கான், நீ குழிங்கே. சினிமான்னா வெட்டி எறியுதேன். குழின்னா பெத்தவளைக் கேக்காம எப்படிலே வெட்டினே? ரெண்டுல ஒண்ணு சொல்லு வசோங்கா. நீயே சொல்லு."

சினிமா என்றால் அம்மா தோண்டுவாள், மதினி பழையபடி ஒழுகுகிற கூரைக்கடியில் உட்காருவாள். குழி என்றால் அண்ணன் செத்தான் என்று தம்பி சொன்னதாகும், ஆறு வருஷமாக அவன் வாயில் வராத சொல். அவன் எடுத்ததும் படமில்லை, முந்நூற்று ஒன்றாவது அடக்கம்.

"பேச மாட்டான்" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும்ல. அண்ணனைப் புதைச்சிட்டா அண்ணன் பெண்டாட்டி யாருக்கு? தம்பிக்குத்தானே? அதுக்குத்தான் இந்தச் சினிமா!"

"அம்மா!"

"அவரை ஏன் அத்தை சொல்லுதீங்க?" அபுத்தோ எழுந்து வந்தாள். கோட்டில் மண் அப்பியிருந்தது. "அவர் வெளிச்சத்தைப் பார்த்தார். இடத்தைக் காட்டினது நான். பேரைச் சொன்னது நான். மண்ணைப் போட்டது நான். என்னை வெட்டுங்க."

"உனக்கு அவ்வளவு அவசரமாடீ?"

"அவசரமா? ஆறு வருஷம் அத்தை! நீங்க அவருக்குன்னு தட்டுல சோறு எடுத்து வச்சீங்க, நான் ஒருநாளாவது வேண்டாம்னு சொன்னேனா? ஆறிப்போன அந்தச் சோத்தைத் தின்னது யாரு? நான். செத்தவனுக்கு வச்ச சோறா, வரப்போறவனுக்கு வச்ச சோறான்னு தெரியாம தின்னேன். நான் யாருன்னு சொல்லுங்க போதும். பெண்டாட்டியா, விதவையா? ஒண்ணைச் சொல்லிட்டுத் தோண்டுங்க."

அம்மா மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். "அவன் இருக்கான்" என்றாள். சத்தம் குறைந்திருந்தது. "முசோமாவுல பாத்தவன் இருக்கான்."

"இருக்கட்டும். அப்ப இந்தப் படத்தை முசோமாவுல போடச் சொல்லுங்க! ஒவ்வொரு கரையிலயும் போடட்டும். புருஷன் இருக்கையிலே யாகோ காய் புதைச்ச சிறுக்கி யாருடான்னு அவர் வரட்டும். வந்து என் தலைமயிரைப் பிடிச்சுத் தெருவுல இழுக்கட்டும். அத்தனை பேர் பார்க்க அவர் காலைக் கட்டிக்கிடுதேன்."

மழைக்காற்று வந்து வலைகளின் ஓரத்தைத் தூக்கியது. ஒமேனாவை அள்ள யாரும் நகரவில்லை.

அம்மா வசோங்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கரையில போடுவியாலே?"

"போடுவேம்மா. திரை கட்டி, ஜெனரேட்டர் வச்சு. அங்கயும் நம்ம ஆளுக இருக்காங்களே."

"நம்ம பாஷையிலதானே பேசுது?"

"ஆமா."

"சுவாஹிலி எல்லாம் அவன் காதுல ஏறாது. நம்ம பாஷை கேட்டா தூக்கத்துலயும் திரும்பிப் பாப்பான்." அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அப்ப என்னையும் எடு. இவ செத்துட்டான்னு சொல்லட்டும். நான் வாடான்னு கூப்பிடுதேன். ரெண்டையும் போடு. அவனே கேட்டு முடிவு பண்ணட்டும்."

"அம்மா, மழை..."

"எடுன்னா எடுலே!"

வசோங்கா முக்காலியைத் தாழ்த்தினான். ஓபெரே மூங்கில் கழியை நீட்டினான். அம்மா மேட்டின் பக்கத்தில், அதைத் தொடாமல், கேமராவுக்கு நேரே உட்கார்ந்தாள்.

"பேசட்டுமா?"

"பேசும்மா."

"ஓபொன்யோ" என்று கூப்பிட்டாள். கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரல், சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஓபொன்யோ, அம்மா கூப்பிடுதேன். உன்னை யாரும் ஏச மாட்டாங்க. எங்க இருந்தாலும் வா. எவ கூட இருந்தாலும் அவளையும் கூட்டிட்டு வா. ஓபொன்..."

மூன்றாம் தரம் அந்தப் பெயர் பாதியில் நின்றது. அவள் வாய் திறந்தபடி இருந்தது. கேமராவைப் பார்த்தாள், பக்கத்து மண்மேட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வயிற்றின் அடியிலிருந்து அது கிளம்பியது, நீளமாய், மேலே மேலே ஏறி. அந்தக் கூக்குரலை இந்தக் கரையில் விளையாட்டுக்குக்கூட யாரும் எழுப்ப மாட்டார்கள். அது சாவு ஒன்றுக்குத்தான். கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும்.

அபுத்தோ பாய்ந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாய்ச் சேர்ந்து மண்மேட்டின் மேல் சாய்ந்தார்கள். அம்மா இரண்டு கையாலும் அந்த மண்ணை அணைத்துத் தடவினாள், குளிப்பாட்டிய பிள்ளையைத் துவட்டுவதுபோல. பெண்கள் அத்தனை பேரும் குரலெடுத்தார்கள்.

வசோங்கா கேமராவை விட்டு வந்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு சாவு வீட்டில் அதன் பின்னாலேயே நின்றவனுக்கு, முன்னால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். மழை பெரிய பெரிய துளியாய் விழ ஆரம்பித்தது. ஓபெரே தன் சட்டையைக் கழற்றிக் கேமராவின் மேல் போட்டான்.

கரையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். படகுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இடுப்புவரை நனைந்தபடி. முன்னால் வந்த ஓயாரோ, ஓபொன்யோவோடு பல வருஷம் ஒரே படகில் போனவர், மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினார்.

"யாருலே? யாரு செத்தது?"

வசோங்கா எழுந்து நின்றான்.

"எங்க அண்ணன்" என்றான். "ஓபொன்யோ."

ஓயாரோ அப்படியே நின்றார். துடுப்பு இன்னும் கையிலேயே இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லி அவரும் வந்து அழுதார்.